வந்தவர் காக்கும் வீடு

எங்கள் வீட்டுப் பரணில் பழைய பல்லாங்குழிப் பலகை ஒன்று இருக்கிறது. மாமரத்தில் குடைந்தது, பக்கத்துக்கு 7 ஆக 14 குழிகள் கொண்டது. ஓரம் ஒன்றைக் கரையான் அரித்திருக்கிறது. அதனோடு ஒரு துணிப்பையில் சோழிகளும் சாம்பல் நிறக் கழற்சிக்காய்களும் கிடக்கின்றன. என் அன்னையார் மணமாகித் திருநெல்வேலிச் சீமையிலிருந்து புணே நகருக்கு வந்தபோது, பித்தளைப் பாத்திரங்களுக்கிடையே பத்திரமாக வைத்துக் கொண்டுவந்த பொருள் அது.

அப்பலகையைக் காணும்போதெல்லாம் ஓர் இளைஞரின் முகம் என் நினைவுக்கு வருகிறது. அவருக்கு நான் செய்த குறையும் நினைவுக்கு வருகிறது. அக்குறையை ஒளியாமல் சொல்லவும், அவர் வழியாக நான் அறிய நேர்ந்த ஒரு சமுதாயத்தின் பழைய வாழ்வை, ஊர் விட்டு ஊர் வந்து வாழும் நம்மவர் முன் வைக்கவுமே இதனை எழுதுகிறேன்.

2006ஆம் ஆண்டு எங்கள் வீட்டின் மாடிப் பகுதி காலியாயிற்று. நண்பர் ஒருவர் சொல்லி, நைஜீரியாவிலிருந்து படிக்க வந்திருந்த மாணவர் ஒருவர் வீடு கேட்டு வந்தார். யோருபா இனத்தவர். கூடத்து ஊஞ்சலில் 80 வயதைக் கடந்த என் அன்னையார் அமர்ந்திருந்தார். அவரைக் கண்டதும் அந்த இளைஞர், கைப்பையை ஓரமாக வைத்துவிட்டு, நெடுஞ்சாண்கிடையாகத் தரையில் விழுந்து வணங்கினார். நாங்கள் திகைத்துப் போனோம். என் சொந்தப் பிள்ளைகள் வணங்குவதைக்கூட யாரேனும் நினைவூட்ட வேண்டியிருந்த காலம் அது. அன்னையார் மட்டும் திகைக்கவில்லை. "நல்லா இரு ராசா, எந்திரி" என்றார். இளைஞர் எழுந்து "மாமா" என்று அழைத்தார். அவர்கள் நாட்டில் முதிய பெண்களை அன்போடு அழைக்கும் சொல் அது. "என்னைப் போய் மாமாங்குதே இந்தப் பிள்ளை" என்று அன்னையார் வாய்விட்டுச் சிரித்தார்.

ஊஞ்சலருகில் பல்லாங்குழிப் பலகை கிடந்தது. அதைக் கண்டதும் இளைஞர் வியந்து, "அயோ!" என்றார். "என்னப்பா ஐயோங்குற? என்ன ஆச்சு?" என்று அன்னையார் பதறினார். பிறகுதான் விளங்கியது, அவர்கள் நாட்டில் அவ்விளையாட்டின் பெயரே அயோ. அவர்களது பலகையில் 12 குழிகள். குழிக்கு 4 ஆக 48 காய்கள். துணிப்பையிலிருந்த கழற்சிக்காயை எடுத்துக் காட்டி, தங்கள் ஊரிலும் இதே காய்தான் என்றார். ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாது. இருவரும் தரையில் அமர்ந்து ஒரு மணி நேரம் ஆடினார்கள். ஒரு குழியில் 4 காய் சேர்ந்தால் 'பசு' என்று அள்ளிக்கொள்வதை அன்னையார் அவருக்குக் கற்றுக்கொடுத்தார். அவரும் தம் நாட்டு முறையில் ஒன்று கற்றுக்கொடுத்தார். எதிரே ஆடுபவரின் குழிகள் வெறுமையாகிவிட்டால், அவருக்குக் காய் சென்று சேரும்படியே நாம் ஆட வேண்டுமாம். எதிராளியைப் பட்டினி போட்டு வெல்லக் கூடாது என்பது அவ்விளையாட்டின் விதி.

மாலையில் அக்கம்பக்கத்தார் இருவர் வந்தனர். "யாருக்கு வீடு கொடுக்கிறீர்கள் என்று யோசித்துக் கொடுங்கள்" என்றனர். அவர்கள் சொன்ன காரணங்களை ஈண்டு எழுத விரும்பவில்லை. நான் எதிர்த்துப் பேசியிருக்க வேண்டும், பேசவில்லை. இளைஞர் இருமுறை தொலைபேசியில் கேட்டார். இரண்டாம் முறை, "வீடு வேறொருவருக்குப் பேசியாயிற்று" என்றேன். அது பொய். அவர் நன்றி கூறிவிட்டுப் பேச்சை முடித்துக்கொண்டார்.

என் தந்தையார் இந்நகருக்கு வந்தது 1949இல். வீடு கேட்டுச் சென்ற இடங்களில் "மதராஸியா?" என்ற ஒரு கேள்வியோடு கதவு சாத்தப்பட்ட கதையை ஒவ்வொரு பொங்கலன்றும் அவர் சொல்லி நாங்கள் கேட்டிருக்கிறோம். அக்கதையைக் கேட்டு வளர்ந்த நான்தான் இதைச் செய்தேன்.

அன்னையார் இரண்டு மூன்று முறை கேட்டார்: "அந்தப் பிள்ளைக்கு என்ன பதில் சொன்ன?" நான் மழுப்பினேன். மறு ஆண்டு அவர் காலமானார். அவருடைய பொருள்களை ஒழுங்குபடுத்தும்போது பலகை கையில் அகப்பட்டது. அன்றுதான், அந்த இளைஞர் எத்தகைய வீட்டிலிருந்து வந்தவர் என்று அறிந்துகொள்ள வேண்டும் என்னும் எண்ணம் எழுந்தது. நூலகங்களில் தேடிப் படிக்கத் தொடங்கினேன். முதலில் கிடைத்தது சாமுவேல் ஜான்சன் என்னும் யோருபா பாதிரியார் தம் மக்களைப் பற்றி எழுதிய வரலாறு. அவர் 1897இல் எழுதி முடித்து அனுப்பிய கையெழுத்துப் படி தொலைந்துபோயிற்று. 1901இல் அவரும் மறைந்தார். எஞ்சிய குறிப்புகளைக் கொண்டு அவர் தம்பி மீண்டும் எழுதி, 1921இல் நூல் வெளிவந்தது. தன் இனத்தின் கதை அழிந்துவிடலாகாது என்று ஒரு குடும்பம் பட்ட பாடு அது.

ஊரும் முற்றமும்

யோருபா மக்கள் இன்றைய நைஜீரியாவின் தென்மேற்கிலும், அதையடுத்த பெனின், டோகோ நாடுகளிலும் வாழ்பவர்கள். இன்று அவர்கள் தொகை நான்கு கோடிக்கும் மேல். ஆயினும் ஆங்கிலேயர் 1861இல் லாகோஸ் நகரைக் கைப்பற்றுவதற்கு முன்னர், அவர்கள் அனைவரையும் ஒருங்கே குறிக்கும் பெயராக 'யோருபா' வேரூன்றியிருக்கவில்லை. ஓயோ, இஃபே, இஜேபு, எக்பா, எகிட்டி என ஊராலும் நாட்டாலுமே அவர்கள் தம்மை அழைத்துக்கொண்டனர். தாங்கள் எல்லாரும் இலே-இஃபே என்னும் ஆதி நகரிலிருந்து பிரிந்து சென்ற கிளைகள் என்ற நம்பிக்கை மட்டும் பொதுவாக இருந்தது.

ஆப்பிரிக்கா என்றால் காடும் குடிசையும் என்று பள்ளிப் பருவத்தில் நம் மனத்தில் பதிந்த படம் இங்கே பொருந்தாது. யோருபா மக்கள் நகரம் கட்டி வாழ்ந்தவர்கள். உழவர்கள்கூட மதில் சூழ்ந்த நகரில் வீடு வைத்துக்கொண்டு, தொலைவிலுள்ள கழனிகளுக்குச் சென்று கிழங்கு பயிரிட்டனர். 11ஆம் நூற்றாண்டிலிருந்து 15ஆம் நூற்றாண்டு வரை இலே-இஃபே சிறந்து விளங்கியது. உடைந்த மட்கலத் துண்டுகளைச் செங்குத்தாக அடுக்கித் தளம் பாவினார்கள்; கண்ணாடியைத் தாங்களே உருக்கி மணிகள் செய்தார்கள்; உலோகத்தில் மனித முகங்களை வார்த்தார்கள். 1938இல் அந்நகரில் வீட்டுக்கு அடித்தளம் தோண்டியபோது அத்தகைய உலோகத் தலைகள் பல வெளிப்பட்டன. அவற்றின் அமைதி தவழும் முகங்களைப் படத்தில் காணும் எவருக்கும், நம் சோழர் காலச் செப்புத் திருமேனிகளை வார்த்த கைகளுக்கு இவை உறவு என்று தோன்றும்.

நகரின் நடுவே அரண்மனை. அதன் எதிரே மன்னரின் சந்தை. அங்கிருந்து பிரியும் தெருக்களில் பெரிய பெரிய கூட்டு வளாகங்கள். ஒரு வளாகத்துக்கு 'அக்போ இலே' என்று பெயர். நடுவே திறந்த முற்றம். அதைச் சுற்றித் தாழ்வாரம். தாழ்வாரத்தை நோக்கித் திறக்கும் அறைகள். ஒரே முன்னோர் வழிவந்தவர்களும், அவர்களுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த பெண்களும், அவர்கள் பிள்ளைகளும், அண்டி வாழ்பவர்களும் ஒன்றாக அங்கே வசித்தனர். மூத்தவர் ஒருவர் வளாகத் தலைவர். வழக்குகள் முதலில் அவர் முற்றத்தில்தான் பேசப்படும். அங்கே தீராதது தெருத் தலைவரிடம் போகும். அதிலும் தீராதது அரண்மனைக்குப் போகும். அடுத்த அறையில் நடப்பது தெரியாத அடுக்ககங்களில் வாழும் நமக்கு, அந்த முற்றத்தின் அருமையும் தெரியும். அதன் இரைச்சலும் தெரியும்.

மூப்பு என்னும் அச்சு

அந்த இளைஞர் ஏன் விழுந்து வணங்கினார் என்பதற்கு விடை, அச்சமுதாயத்தின் அச்சாணியாகிய மூப்பில் இருக்கிறது. மூத்தோரைக் கண்டால் ஆண் மார்பு தரையில் பட விழுவான், பெண் மண்டியிடுவாள். ஒவ்வொரு வேளைக்கும் ஒவ்வொரு செயலுக்கும் தனித்தனி வாழ்த்து உண்டு. வேலை செய்பவருக்கு ஒன்று; மழையில் வந்தவருக்கு ஒன்று; பயணம் முடித்து வந்தவருக்கு ஒன்று; சும்மா அமர்ந்திருப்பவருக்கும் ஒன்று. ஒருவரைப் பார்த்தும் பாராமல் கடந்து செல்வதற்கு அம்மொழியில் வழியே இல்லை.

அவர்கள் மொழியில் 'அவன்', 'அவள்' என்ற வேறுபாடு இல்லை. இருபாலுக்கும் ஒரே சொல். ஆனால் மூத்தவருக்கு ஒரு சொல்; இளையவருக்கு வேறு சொல். உடன்பிறந்தாரைச் சுட்டும்போதும் அப்படியே. நாம் அண்ணன், அக்காள், தம்பி, தங்கை என நான்காகப் பிரிப்பதை அவர்கள் மூத்தவர், இளையவர் என இரண்டாகவே பிரிக்கிறார்கள். ஆணா பெண்ணா என்பதினும் யார் முன்னால் வந்தவர் என்பதே முதற்கேள்வி.

இரட்டையர் பிறந்தாலும் இக்கேள்வி எழும். முதலில் பிறக்கும் குழந்தை தாய்வோ. பின்னால் வருவது கெஹிண்டே. வியப்பு என்னவெனில், பின்னால் வந்த கெஹிண்டேதான் மூத்தவர். 'உலகம் எப்படியிருக்கிறது என்று ருசி பார்த்து வா' என்று இளையதை முன்னே அனுப்பிவிட்டு, மூத்தது நிதானமாக வருகிறதாம்! இரட்டையருள் ஒன்று இறந்துவிட்டால் அதன் நினைவாக மரத்தில் ஒரு சிற்றுருச் செய்து, தாய் அதனைக் குளிப்பாட்டி, உடுத்தி, உயிரோடிருக்கும் குழந்தையைப் போலவே பேணுவாள். தாய்மையின் துயரம் எந்தக் கண்டத்திலும் ஒன்றுதான்.

பெயரிடும் நாள்

அவர்களிடையே ஒரு பழமொழி உண்டு: வீட்டைப் பார்த்த பிறகே பிள்ளைக்குப் பெயர் வைக்க வேண்டும். குழந்தை பிறந்தபோது வீடு எந்நிலையில் இருந்தது, யார் மறைந்தார்கள், யார் திரும்பினார்கள், எத்தகைய துன்பம் நீங்கியது என்பதெல்லாம் பெயருக்குள் அடங்கிவிடும். பழைய வழக்கப்படி ஆண்குழந்தைக்கு 9ஆம் நாளும், பெண்குழந்தைக்கு 7ஆம் நாளும், இரட்டையருக்கு 8ஆம் நாளும் பெயரிடுவர். தண்ணீர், உப்பு, தேன், கோலாக்கொட்டை முதலியவற்றை எடுத்து வாழ்த்துச் சொல்லிக் குழந்தையின் உதட்டில் தொட்டு வைப்பர். பிறந்த விதத்தாலேயே அமைந்துவிடும் பெயர்களும் உண்டு. கால் முன்னே வரப் பிறந்த குழந்தைக்கு ஒரு பெயர். கொடி கழுத்தில் சுற்றப் பிறந்த குழந்தைக்கு ஒரு பெயர். இரட்டையருக்கு அடுத்துப் பிறந்த குழந்தைக்கு ஒரு பெயர்.

அடுத்தடுத்துப் பிள்ளைகள் இறந்துபோகும் வீட்டில், ஒரே குழந்தைதான் திரும்பத் திரும்பப் பிறந்து, தங்காமல் போய்விடுகிறது என்று நம்பினர். அக்குழந்தைக்கு இடும் பெயரே ஒரு மன்றாட்டாக இருக்கும். 'இனிப் போகாதே' என்று ஒரு பெயர். 'என்னோடு உட்கார்' என்று ஒரு பெயர். 'இருந்து என்னை அடக்கம் செய்' என்று ஒரு பெயர். பிள்ளை தங்க வேண்டுமென்று தவிட்டுக்கு விற்று வாங்கிப் பிச்சை என்றும் குப்பை என்றும் பெயரிட்ட பாட்டிமார் வழியில் வந்த நமக்கு, இதற்கு விளக்கவுரை தேவையில்லை.

பாட்டனார் மறைந்த பின் வீட்டில் ஆண்குழந்தை பிறந்தால் பாபாதுண்டே என்று பெயரிடுவர். 'தந்தை திரும்பி வந்தார்' என்பது பொருள். எங்கள் வீட்டு வாயிலில் வந்து நின்ற இளைஞரின் பெயரும் இந்த வகையைச் சேர்ந்ததுதான். பொருள் அறியாமல் அதைக் கேட்டுக்கொண்டு நின்றேன். இப்பக்கத்தைப் படித்த இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. சாத்திய கதவுகளின் முன் நின்ற என் தந்தையாரே திரும்பி வந்து கேட்டதாகவும், நான் அவருக்கும் இல்லையென்று சொல்லிவிட்டதாகவும் தோன்றியது.

சந்தையும் சோழியும்

யோருபா மக்களின் பழைய வாரம் நான்கு நாள்களைக் கொண்டது. ஒவ்வொரு நாளும் ஒரு தெய்வத்துக்கு உரியது. சந்தைகள் அக்கணக்கிலேயே கூடின. நான்கு நாளுக்கு ஒருமுறை கூடுவதும் உண்டு. எட்டு நாளுக்கு ஒருமுறை கூடும் பெருஞ்சந்தையும் உண்டு. சந்தையில் பெண்களின் கையே ஓங்கியிருந்தது. ஆண் உழுதான், நெய்தான், இரும்படித்தான். பெண் நூற்றாள், சாயமிட்டாள், எண்ணெய் எடுத்தாள், விற்றாள். தன் வாணிகத்தில் ஈட்டிய பொருள் அவளுக்கே உரியது. பெண்களின் தலைவிக்கு 'இயாலோடே' என்ற பட்டம் வழங்கிய நகரங்கள் உண்டு; அவள் மன்றத்தில் அமர்ந்து பெண்களின் குரலாகப் பேசினாள். 1864இல் எக்பா நாட்டில் அப்பட்டம் பெற்ற தினுபு அம்மையார், போருக்குத் துப்பாக்கி மருந்து வழங்குமளவுக்குச் செல்வமும் செல்வாக்கும் உடையவர்.

எசூசூ என்றொரு ஏற்பாட்டைப் பற்றிப் படித்தபோது புன்னகை வந்தது. குறிப்பிட்ட பேர் கூடி, முறைதோறும் ஒரே அளவு தொகை போட்டு, மொத்தத்தையும் ஒவ்வொரு முறைக்கு ஒருவர் எடுத்துக்கொள்வது. நம் வீட்டுப் பெண்கள் பிடிக்கும் சீட்டேதான்! அடிமைகளாகக் கடல் கடத்தப்பட்டவர்கள் அதனைத் தம்மோடு கொண்டுசென்றனர். டிரினிடாட் தீவில் இன்றும் அது 'சூசூ' என்ற பெயரில் நடக்கிறது. உழவிலும் அப்படியே, இன்று என் வயலில் எல்லாரும், நாளை உன் வயலில் எல்லாரும் என்று முறைவைத்து உழைத்தனர்.

சந்தையில் புழங்கிய நாணயம் எது? சோழி. என் அன்னையாரின் துணிப்பையில் கிடக்கும் அதே சோழி. 40 சோழி கோத்தது ஒரு சரம். 50 சரம் சேர்ந்தது ஒரு தலை, அதாவது 2,000. 10 தலை சேர்ந்தது ஒரு மூட்டை, அதாவது 20,000. அவர்கள் எண்ணும் முறையும் இருபதை அடியாகக் கொண்டது. கழித்துச் சொல்வது அவர்கள் வழக்கம். 45 என்பதை, மூவிருபதில் பத்துக் குறைத்து, அதில் ஐந்து குறைத்துச் சொல்வர். சந்தைப் பெண்கள் இக்கணக்கை மனத்திலேயே போட்டனர்.

இந்தச் சோழி அவர்கள் கடலில் விளைந்ததன்று. பெரும்பாலும் நம் அண்டையிலுள்ள மாலத்தீவுகளிலிருந்து சென்றது. இலங்கை, வங்கத் துறைமுகங்கள் வழியாக ஐரோப்பியர் அதனை வாங்கிக் கப்பலின் அடிப்பாரமாக ஏற்றிச் சென்று, பின்னர் மேற்கு ஆப்பிரிக்கக் கரையில் இறக்கினர். அங்கே அதைக் கொடுத்து அவர்கள் வாங்கியவற்றுள் மனிதர்களும் உண்டு. அன்னையார் பலகையில் போட்டு ஆடிய விளையாட்டுப் பொருளுக்கு இப்படியும் ஒரு வரலாறு இருப்பதை அறிந்தபின், அதைக் கையிலெடுக்கும்போது விரல் சற்றுத் தயங்குகிறது.

நிழலும் உண்டு

பழமையைப் போற்றும்போது அதன் நிழலை மறைப்பது நேர்மையன்று. அந்த முற்றங்களில் அடிமைகளும் இருந்தனர். கடன் வாங்கியவன் வட்டிக்கு ஈடாகத் தானோ தன் பிள்ளையோ கடன் கொடுத்தவன் வீட்டில் உழைக்கும் வழக்கமும் இருந்தது. மன்னர் இறந்தால் உடன் இறக்க வேண்டியவர்களும் அரண்மனையில் இருந்தனர்.

ஆயினும் மன்னர் கட்டற்றவர் அல்லர். ஓயோ பேரரசின் மன்னருக்கு 'அலாஃபின்' என்று பெயர். மணிகள் கோத்த முடியின் தொங்கல் அவர் முகத்தை மறைக்கும். சாதாரண மனிதர் அவரைக் காண்பது அரிது. ஆனால் அவரைத் தேர்ந்தெடுத்தது எழுவர் அடங்கிய அவை. அவர் கொடுங்கோலரானால் அதே அவை அவருக்கு வெறும் சுரைக்குடுவையோ கிளி முட்டையோ அனுப்பும். 'மக்கள் உம்மை ஏற்கவில்லை' என்பது அதன் பொருள். அதற்குமேல் அவர் உயிர்வாழ இயலாது. தாமே உயிரை மாய்த்துக்கொள்ள வேண்டும். அவைத் தலைவரும் எல்லை மீறினால் தப்ப முடியாது. பல மன்னர்களை அவ்வாறு வீழ்த்திய காகா என்னும் அவைத் தலைவர், 1774இல் தாமே வீழ்த்தப்பட்டார்.

உட்பகையாலும் வடக்கிலிருந்து வந்த படையெடுப்பாலும் 1830களில் ஓயோ சிதைந்தது. ஊர்கள் எரிந்தன. பிடிபட்டவர்கள் அடிமைக் கப்பல்களுக்குச் சென்றனர். அவர்கள் வழியாகத்தான் யோருபா தெய்வங்கள் கியூபாவிலும் பிரேசிலிலும் இன்றும் வழிபாடு பெறுகின்றன. ஓயோ முழுதும் சிதையுமுன்னரே, 1821இல், ஒசோகுன் என்னும் ஊரிலிருந்து பிடிக்கப்பட்ட சிறுவன் ஒருவன் கைமாறிக் கைமாறி விற்கப்பட்டான். 1822இல் ஆங்கிலக் கடற்படை அந்தக் கப்பலை மறித்ததால் விடுதலை பெற்றான். அவர்தாம் பிற்காலத்தில் 1843இல் யோருபா மொழிக்குச் சொல்லகராதி வெளியிட்டு, 1864இல் பேராயரான சாமுவேல் அஜாயி கிரௌதர். பிரிந்து 25 ஆண்டுகள் கழித்து, 1846இல் அவர் தம் தாயைக் கண்டார். நாம் ஊர் விட்டு வந்தது வேலை தேடி. கையில் பயணச்சீட்டு இருந்தது. அவர்களை ஊர் விட்டுக் கொண்டுசென்றது சங்கிலி. இரண்டையும் ஒன்றாக்கிப் பேசலாகாது. ஆனால் மொழியைக் கைவிடாதவர்களே தாயைக் கண்டடைகிறார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

வந்தவள் பாடும் வரலாறு

எழுத்து வருமுன் இவ்வளவையும் அவர்கள் எதில் சேமித்து வைத்தனர்? முரசில், நாவில். யோருபா மொழியில் ஒரே சொல் மூன்று குரல்நிலைகளில் மூன்று பொருள் தரும். நம் உடுக்கையைப் போல் இடை சிறுத்த ஒரு முரசை அக்குளில் இடுக்கி, வாரை இறுக்கியும் தளர்த்தியும் அக்குரல்நிலைகளை எழுப்புவர். கேட்போர் அதை மொழியாகவே உணர்வர். இஃபா என்னும் குறி நூலில் 256 பகுதிகள். ஒவ்வொன்றிலும் எண்ணற்ற செய்யுள்கள். 16 பனைவகைக் கொட்டைகளைக் கையிலேந்திக் குறி பார்ப்போர் அவற்றைப் பல்லாண்டுகள் பயின்று மனத்திற் கொண்டிருந்தனர். 2005இல் ஐக்கிய நாடுகளின் யுனெஸ்கோ நிறுவனம் அதனை மனிதகுலத்தின் அரும்பெறல் மரபுகளுள் ஒன்றாக அறிவித்தது.

இவை எல்லாவற்றினும் என் நெஞ்சைத் தொட்டது ஓரிகி. ஒவ்வொரு மனிதருக்கும், ஒவ்வொரு குடிக்கும், ஒவ்வொரு ஊருக்கும், தெய்வத்துக்கும் உரிய புகழ்மொழி அது. முன்னோர் எங்கிருந்து வந்தனர், எதற்குப் பேர்பெற்றனர், எங்கே சறுக்கினர் என்பதெல்லாம் அதில் வரும். தன் ஓரிகியைக் கேட்டால் சோர்ந்தவன் நிமிர்வான்; அழும் குழந்தை அடங்கும். அதைத் திறம்படச் சொல்வோர் பெரும்பாலும் பெண்கள்.

புதிதாக மணமாகி வந்தவள் அந்த வளாகத்தில் எல்லாருக்கும் இளையவள். அவள் வருமுன் அங்கே பிறந்துவிட்ட சிறு குழந்தையைக்கூடப் பெயர் சொல்லி அழைக்கக் கூடாது. செல்லப் பெயர் ஒன்று சூட்டியே அழைக்க வேண்டும். அவ்வாறு கடைசியாக வந்தவள்தான், நாளடைவில் அந்த வீட்டின் ஓரிகி முழுவதையும் கற்றுத் தேர்கிறாள். வீட்டிற் பிறந்தவர்கள் தம் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்க, வெளியிலிருந்து வந்தவள் அந்த வீட்டின் நினைவைக் காக்கிறாள். தான் பிறந்த வீட்டின் ஓரிகியையும் அவள் மறப்பதில்லை.

இதைப் படித்தபோது என் அன்னையாரை நினைத்தேன். தந்தையாரின் கொடிவழி, ஏழு தலைமுறைப் பெயர்கள், குலதெய்வக் கோயிலின் கதை, எந்தப் பெரியப்பா எதற்காகக் கோபித்துக்கொண்டு இலங்கைக்குப் போனார் என்பது வரை தந்தையாருக்குத் தெரியாது, அன்னையாருக்குத்தான் தெரியும். அவர் அந்த வீட்டுக்கு வந்தவர். நான் அவற்றை எழுதி வைத்திருக்க வேண்டும். 'பிறகு கேட்டுக்கொள்ளலாம்' என்று இருந்துவிட்டேன். அந்த இளைஞரிடம் 'பிறகு சொல்கிறேன்' என்றதும் அதே நான்தான். இரண்டு பிறகும் வரவேயில்லை.

வெளியூரில் வாழும் நாமும் ஒரு வகையில் வாழ்க்கைப்பட்டு வந்தவர்களே. பிறந்த வீட்டின் ஓரிகியைப் பாடவே சங்கம் அமைக்கிறோம், பொங்கல் வைக்கிறோம், மலர் வெளியிடுகிறோம். அது நன்று. ஆயினும் வந்த வீட்டுக்கும் நமக்கும் ஒரு கடமை உண்டு. நமக்குப் பின்னால் வருகின்ற இன்னொருவருக்கு அந்த வீட்டின் கதவு திறந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டியவர்கள், கதவு சாத்தப்பட்ட வலியை அறிந்த நாம்தாமே? நம் ஓரிகியில் பெருமை மட்டும் இருந்தால் போதாது. சறுக்கிய இடமும் இருக்க வேண்டும் என்பது யோருபா மக்கள் எனக்குச் சொன்ன பாடம். அதனால்தான் என் சறுக்கலையும் இங்கே எழுதினேன்.

அந்த இளைஞர் இன்று எங்கே இருக்கிறாரோ, அறியேன். அவரைத் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. மாடிப் பகுதி மீண்டும் காலியானபோது, வந்து கேட்டவரிடம் எந்த ஊர் என்று கேட்கவில்லை. எப்போது வருகிறீர்கள் என்று மட்டும் கேட்டேன். அக்கம்பக்கத்தார் மீண்டும் வந்தனர். இம்முறை பேசினேன்.

விடுமுறை நாள்களில் பேத்தி பரணிலிருந்து பலகையை இறக்கச் சொல்கிறாள். பாட்டி கற்றுத்தந்த முறையில்தான் ஆடுகிறோம்; 4 காய் சேர்ந்தால் பசு. ஆனால் ஒரு விதியை மட்டும் யோருபா முறையிலிருந்து எடுத்துக்கொண்டிருக்கிறோம். எதிரே இருப்பவரின் குழிகள் காலியாகிவிட்டால், அவருக்குக் காய் போய்ச் சேரும்படி ஆட வேண்டும். "ஏன் தாத்தா அப்படி?" என்று அவள் கேட்டாள். இந்தக் கதையை முதன்முதலாக அவளிடம்தான் சொன்னேன்.